தண்ணீர்மலை ஓடையோரம் ஒரு நடை

தைப்பூசம் என்றதும் நம்மவரில் பலருக்குப் பினாங்குத் தண்ணீர்மலை நினைவுக்கு வரும். தோட்டத்திலிருந்து லாரி பிடித்து, கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாகக் காவடி பார்க்கப் போன கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். ஆனால், அந்த மலைக்குத் தண்ணீர்மலை என்ற பெயர் ஏன் வந்தது? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? இவற்றை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இன்று கோயிலைத் தாண்டி, அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போவோம். சாலை முடியும் இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் காடடர்ந்த குன்றுகள். நடுவே கல்லிலும் வேரிலும் மோதிக்கொண்டு ஓர் ஓடை. இதுதான் பினாங்குத் தாவரவியல் பூங்கா. ஓடையின் கரையோரமே நடந்தால், இந்தப் பூங்காவின் வரலாறு தெரிந்துவிடும்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஊர் வளர்ந்தது. ஊரில் இருப்பவருக்கும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களுக்கும் நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. மலையிலிருந்து சுமார் 400 அடி உயரம் இறங்கி விழும் இந்த அருவியின் நீரே அதற்கு ஏற்றதாகக் கண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிருந்து கால்வாய் அமைத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். ஆக, பூங்கா பிறக்கும் முன்னரே இந்த ஓடை ஊருக்குத் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தது.

பினாங்குத் தீவில் தாவரப் பூங்கா அமைக்கும் முயற்சி மூன்று முறை நடந்தது. முதலாவது 1794-இல். கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய கிறிஸ்டோபர் ஸ்மித் என்பவர் சாதிக்காயும் கிராம்பும் வளர்த்தார். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. இரண்டாவது 1822-இல் தொடங்கி 1834-இல் முடிந்துபோயிற்று. மூன்றாவதாக 1884-இல் தொடங்கியதே நாம் இன்று நடக்கும் பூங்கா.

அப்போது இந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? பூவும் புல்வெளியும் இல்லை. கல் உடைத்து எடுத்தபின் கைவிடப்பட்ட கருங்கல் குவாரி அது. சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பேற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, அந்தக் கரட்டு நிலத்தைச் சோலையாக்கினார். அதற்கு முன் அவர் போர்னியோ முதலிய நாடுகளின் காடுகளில் செடி தேடி அலைந்தவர். ஒரு பூங்காவைத் திட்டமிட ஒருவர் போதும்; ஆனால் பாறையை நகர்த்தி, மண் சுமந்து, கன்று நட்டு, களை பிடுங்கப் பல கைகள் வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பூங்கா என்றால் பொழுதுபோக்கும் இடம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. நம் வாழ்க்கைக்கும் இத்தகைய பூங்காக்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. பின்னர் அங்கே பொறுப்பில் இருந்த ரிட்லி என்பவர், மரத்துக்குக் கேடு வராமல் பட்டையை மெல்லச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். விடியற்காலையில் உளியும் வாளியுமாக நிரைக்குப் போன நம் தாய் தந்தையரின் கைவேலை அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். அந்தச் சிங்கப்பூர்ப் பூங்காவின் கிளையாகத் தொடங்கியதே இந்தப் பினாங்குப் பூங்கா.

மீண்டும் ஓடைக்கு வருவோம். எந்தத் தண்ணீர் இந்தப் பூங்காவுக்கு அழகு தந்ததோ, அதே தண்ணீர் ஒருமுறை இதை அழிக்கவும் பார்த்தது. ஊரில் மக்கள் பெருகவே, பள்ளத்தாக்கை அணைகட்டி நீர்த்தேக்கமாக்கலாம் என்று திட்டமிட்டார்கள். 1910-இல் பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. கர்ட்டிஸ் வளர்த்த மரங்களெல்லாம் நீருக்கடியில் போயிருக்க வேண்டியவை. நல்ல வேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டது. 1912-இல் பூங்கா திரும்பக் கிடைத்தது.

பூங்கா தப்பியது, ஆனால் நம்மவர் கட்டிய சிறு கோயில் இடம் மாறியது. அருவியின் பக்கத்தில் முருகனுக்கு ஒரு சந்நிதி இருந்தது. கூலிவேலைக்கு வந்த தமிழர்கள் அங்கே கும்பிட்டார்கள். தைப்பூசத்துக்குக் கூட்டம் பெருகியது. ஊர் குடிக்கும் நீர் ஓடும் இடத்தில் பெருங்கூட்டம் கூடுவது ஆகாது என்ற கவலையால் கோயில் இடம் மாற்றப்பட்டு, 1915-இல் பக்கத்துக் குன்றின்மேல் எழுந்தது. 2012-இல் அங்கே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போகிறோம். அருவியை விட்டு வந்தாலும், தண்ணீர் என்ற பெயரை முருகன் விட்டுவிடவில்லை!

இனி நடையைத் தொடர்வோம். வாசலருகே தண்டோடு ஒட்டிப் பூக்கும் நாகலிங்க மரம். இது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் சிவன் கோயில்களிலும் இடம் பிடித்துக்கொண்ட மரம். ஓடைக்கரையில் அசோக மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து, நீரின்மேல் கவிந்து நிற்கும். மேலே போகப் போக, நட்டு வளர்த்த மரங்கள் முடிந்து இயற்கைக் காடு தொடங்குகிறது. காற்றே குளிர்ந்துவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் போல் ஒரு கருங்குரங்கு நம்மைப் பார்க்கும். நாமும் பார்த்துவிட்டு நடக்க வேண்டியதுதான். தின்பதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழக்கினால் அவை கையிலிருப்பதைப் பறிக்கக் கற்றுக்கொள்ளும்.

காட்டுக்குள் ஒரு நிமிடம் நின்று கீழே பார்ப்போம். காலடியில் மெத்தை போல் சருகு. பெருமழையை முதலில் இலைகள் தாங்குகின்றன. பிறகு சருகும் வேரும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. ஆகையால்தான் மழையில்லாத வாரங்களிலும் ஓடை ஓடுகிறது. மேட்டுக்காட்டை வெட்டி மறுநடவு செய்த ஆண்டில், லயத்துக்குக் கீழே ஓடிய ஆறு செம்மண் குழம்பாக ஓடியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம் அல்லவா? துணி துவைக்கவும் ஆகாமல், நம் தாய்மார் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள். மேலே மரம் போனால், கீழே தண்ணீர் போகும். இந்தப் பாடத்தை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை. தோளில் சுமந்து கற்றோம்.

2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்குக் குன்றையும், இந்தப் பூங்காவையும், சுற்றியுள்ள காட்டையும் கடற்பகுதியையும் சேர்த்து, 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் பெயரும் பட்டயமும் மட்டும் காட்டைக் காத்துவிடா. ஒருமுறை கல்லுக்காகத் தோண்டப்பட்ட இடம் இது. ஒருமுறை நீரில் மூழ்க இருந்த இடம். வேண்டும் என்று எண்ணியவர்கள் இருந்ததால் இன்றும் இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை தண்ணீர்மலைக்குப் போகும்போது, சாமி கும்பிட்டபின் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஓடைக்கரைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். இந்த நீர்தான் கீழே போய்ப் பினாங்கு ஆற்றோடு கலந்து கடலைச் சேர்கிறது என்று காட்டுங்கள். நம் முன்னோர் இதன் கரையில்தான் முதலில் கைகூப்பி நின்றார்கள் என்று சொல்லுங்கள். ஒரு நெகிழித் தாளைக்கூட அதில் போடாமல் திரும்பினால், அதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான்.