நண்பர் பெயரில் ஒரு மொசார்ட் பாட்டு

மொசார்ட்டின் ஆபராக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. ஒற்றைக் குரலும் பியானோவும் மட்டும் வைத்து அவர் சுமார் 30 சின்னப் பாடல்கள் போட்டிருக்கிறார். அதில் கே. 520 என்ற பாட்டு ஒரு வாரமாக என்னை விடவில்லை.

துரோகம் செய்த காதலனின் கடிதங்களை லூயிசா தீயில் போடுகிறாள். வரிகள் வியன்னா பெண் கவிஞர் கேப்ரியேல ஃபான் பவும்பெர்க் எழுதியவை. ஓடுவது இரண்டு நிமிடம்தான். கடிதம் எரிந்து முடிகிறது, ஆனால் மனசுக்குள் அந்த ஆள் இன்னும் எரிஞ்சுகிட்டே இருக்கான்.

கையெழுத்துப் பிரதியில் தேதி 1787 மே 26. இடம், நண்பர் காட்ஃபிரீட் ஃபான் ஜாக்வினின் அறை. (இரண்டே நாளில் சால்ஸ்பர்கில் அப்பா லியோபோல்ட் இறந்துபோனார்.)

1791-இல் பாட்டு அச்சானபோது இசையமைத்தவர் என்று இருந்தது ஜாக்வின் பெயர்! உடனே திருட்டு என்று பாய்ந்துவிடாதீங்க. நண்பர் அறையிலேயே உட்கார்ந்து எழுதியதைப் பார்த்தால், மொசார்ட்டே கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்போ அது மொசார்ட் பாட்டுன்னு எப்படிச் சொல்றோம்? 1784 பிப்ரவரியிலிருந்து அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். முடித்த ஒவ்வொன்றுக்கும் தேதி, பெயர், ஆரம்ப ஸ்வரங்கள். எங்க வேலையில் கிட் லாக் மாதிரி. இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. மே 26-க்கு நேராக இந்தப் பாட்டைப் பதிந்திருக்கிறார். ஊருக்கு நண்பர் பெயர், நோட்டுக்குத் தன் கணக்கு!

அதே வருஷம் நவம்பர் 6, ப்ராக் நகரில் எழுதிய கே. 530-உம் ஜாக்வின் பெயரில்தான் வெளியானது. அதுவும் நோட்டில் இருக்கு.