தொண்டும் போதனையும்: தரங்கம்பாடியில் சீகன்பால்கின் சமயப்பணி (1706–1719)

ஆய்வுச்சுருக்கம்

டென்மார்க் அரசரால் அனுப்பப்பெற்று 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, இந்தியாவில் சீர்திருத்தக் கிறித்தவச் சமயப்பணிக்கு வித்திட்டவராவார். பள்ளி, ஏட்டுத் தொகுப்பு, அச்சகம் எனும் அவருடைய சமூகப் பணிகள் சமயப் போதனையிலிருந்து தனித்து நின்றவை அல்ல என்பதையும், இவ்விணைப்பே அவரை ஆட்சியாளரோடும் தம் சபை மேலிடத்தோடும் முரண்படச் செய்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, சமயப்பணி, திண்ணைப்பள்ளி, அச்சுப்பணி, ஹாலே

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றிலும் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் சீகன்பால்கு பெறும் இடம் நன்கு அறியப்பட்டதாகும். எனினும் அவருடைய கல்விப்பணியையும் அச்சுப்பணியையும் சமயப்பணியின் துணைவிளைவுகளாகக் காணும் போக்கும், சமய நோக்கை விலக்கித் தமிழ்த்தொண்டாக மட்டும் போற்றும் போக்கும் நிலவுகின்றன. இவ்விரு பார்வைகளும் அக்காலச் சூழலில் இப்பணிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்ததை மறைத்துவிடுகின்றன.

கற்றலில் தொடங்கிய போதனை

1682இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்சு எனும் ஊரில் பிறந்த சீகன்பால்கு, 1706 ஜூலை 9ஆம் நாள் ஹென்ரிக் புளுச்சோவுடன் தரங்கம்பாடியை அடைந்தார். டேனிஷ் வணிகக் குழுமத்தின் பணியாளர்களிடையே போர்த்துகீசியம் வழங்கியது; ஊர் மக்களின் மொழியோ தமிழ். எனவே போதிக்க வந்தவர் முதலில் மாணவராக வேண்டியிருந்தது. முதிய தமிழாசிரியர் ஒருவர் தம் பள்ளியைச் சமயப்பணியாளரின் இல்லத்திலேயே நடத்த இசைந்தார். அங்குச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, சீகன்பால்கு தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். ஆசிரியரின் மகனான கணபதி வாத்தியார், உறவினரின் எதிர்ப்புக்கிடையே 1709இல் திருமுழுக்குப் பெற்றார்.

இந்நிகழ்வுகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தரங்கம்பாடியின் புதிய கல்விமுறை வெற்றிடத்தில் தோன்றவில்லை. மணலெழுத்து, ஏட்டெழுத்து, கணக்கு ஆகிய திண்ணைப்பள்ளி மரபின் கூறுகள் அதில் தொடர்ந்தன. அவற்றோடு மறைக்கல்வி சேர்க்கப்பட்டது.

பள்ளி, ஏடு, அச்சு

சீகன்பால்கு சார்ந்திருந்த பயபக்தி இயக்கம், ஒவ்வொருவரும் திருமறையைத் தம் தாய்மொழியில் தாமே படிக்க வேண்டும் என வலியுறுத்தியது. ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலே நகரில் நடத்திய ஆதரவற்றோர் இல்லமும் பள்ளிகளும் இவ்வியக்கத்தின் செயல்வடிவங்களாக விளங்கின. நூலை அடிப்படையாகக் கொண்ட சமயத்தைக் கற்பிக்க வாசகர்கள் தேவை. வாசகர்களை உருவாக்கப் பள்ளி தேவை. பள்ளிக்கு நூல்கள் தேவை. இத்தேவைச் சங்கிலியே அவருடைய பணிகளை இணைத்தது.

1707இல் தமிழ்ப்பள்ளியும் போர்த்துகீசியப் பள்ளியும் நடைபெறலாயின. பெண் குழந்தைகளும் கல்வி பெற்றனர். வறிய பிள்ளைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் முதல் எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஏடுகளைப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்தி, 1708இல் அவர் உருவாக்கிய நூற்பட்டியலில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் வந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துருக்கள் வார்க்கப்பட்டன. காகித ஆலையும் அங்கு நிறுவப்பட்டது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

கைம்பெண் வழக்கும் சிறைவாசமும்

சமயத்தொண்டு ஆட்சி எல்லைக்குள் நுழைந்தபோது மோதல் எழுந்தது. இறந்த கணவரின் கடன் தொடர்பாகத் தமிழ்க் கைம்பெண் ஒருவருக்கும் குழுமத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் வழக்கு ஏற்பட்டது. அப்பெண்ணுக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். ஏற்கெனவே சமயப்பணியை விரும்பாத தளபதி ஹாசியஸ், 1708 இறுதியில் அவரைக் கைது செய்து டான்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அச்சிறைவாசம் நீடித்தது. அரச ஆதரவு பெற்ற சமயப்பணியாளர் கூட, உள்ளூர் மக்களின் வழக்கில் தலையிடுவதைக் குழும ஆட்சி பொறுக்கவில்லை என்பது இங்குத் தெளிவாகிறது.

மேலிடத்தோடு முரண்பாடு

இரண்டாம் முரண்பாடு சபைக்குள்ளிருந்தே எழுந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழி பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஹாலே ஏற்கவில்லை. பிற சமயத்தை அகற்றச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே ஃபிராங்கேயின் நிலைப்பாடு. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

கோபன்ஹேகனில் 1714இல் அமைக்கப்பட்ட சமயப்பணிக் குழுவின் செயலரான கிறிஸ்டியான் வெண்ட் இதனினும் கடுமையான நிலையை மேற்கொண்டார். சமயப்பணியாளர்கள் அப்போஸ்தலர்களைப் போல உடைமையின்றிப் போதிக்க வேண்டும். கட்டடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் செலவிடுதல் தகாது என்று அவர் கருதினார். ஆன்மாவுக்கான பணியையும் உடலுக்கான பணியையும் பிரிக்கவியலாது என்பது சீகன்பால்கின் மறுமொழியாக அமைந்தது. பசித்த குழந்தைக்கு உணவளிக்காமல் எழுத்தறிவிக்க இயலாது. எழுத்தறிவிக்காமல் திருமறையைக் கையில் தருதல் பயனற்றது. பள்ளிகளை நேரில் நடத்திப் பெற்ற பட்டறிவே இம்மறுமொழியின் அடிப்படை எனலாம். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில், அவ்விவாதம் தீராத நிலையில் அவர் மறைந்தார்.

தொண்டின் எல்லைகள்

இத்தொண்டினை எல்லையற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. பள்ளியின் இறுதி நோக்கம் மதமாற்றமே. உணவும் உடையும் பெற்ற பிள்ளைகள் மறைக்கல்வியையும் ஏற்க வேண்டியிருந்தது. 1707 மே மாதம் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியரின் அடிமைகள் என்பது, அவர்களின் விருப்புரிமை குறித்த வினாவை எழுப்புகிறது. தரங்கம்பாடிச் சபையில் சாதி அடிப்படையிலான இருக்கைப் பிரிவினையும் நிலவியது. ஒரே நூலை அனைவரும் படிக்கலாம் என்ற கொள்கை, அனைவரும் ஒன்றாக அமரலாம் என்ற நடைமுறையாக வளரவில்லை.

முடிவுரை

சீகன்பால்கின் சமூகப்பணி சமயப் போதனையின் உள்தேவையிலிருந்து பிறந்தது. தமிழாசிரியர், மொழிபெயர்ப்பாளர், எழுத்தர் ஆகியோரின் உழைப்பால் உருப்பெற்றது. ஆட்சியாளர் அவருடைய தலையீட்டையும், மேலிடத்தார் அவருடைய செலவையும் தமிழ்ச் சமய ஆய்வையும் மறுத்தனர். இம்மறுப்புகளுக்கிடையே அவர் தொண்டையும் போதனையையும் இணைத்தே நிறுத்தினார். நோக்கத்தில் சமயம் சார்ந்திருந்த இப்பணி, விளைவில் அந்நோக்கத்தைக் கடந்து, தமிழில் அச்சிட்ட நூலும் அதனைப் படிக்கும் எளிய வாசகரும் உருவாக வழிவகுத்தது. ஆகவே நோக்கத்தையும் விளைவையும் வேறுபடுத்தி, இரண்டையும் ஒருங்கே கருதுவதே இவ்வரலாற்றை மதிப்பிடுவதற்குரிய முறையாகும்.