எடைக்கு எடுத்தது

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் புறநகர் ரயில் கடைசியாக வந்து நிற்கும் இடத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பயணிகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சென்ட்ரல் என்றே சொல்கிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருடம் தினமும் அங்கே இறங்கி நடந்திருக்கிறேன். அது ஒரு கட்டடத்தின் சமாதி என்று அப்பா சொல்லித்தான் தெரியும்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி மூர் மார்க்கெட் போவார். வெர்னியர் காலிப்பர், லாகரிதம் புத்தகம், கைப்பிடி இல்லாத ஸ்பேனர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவாராம். பேரத்துக்கு அவர் வைத்திருந்த விதி இரண்டு. "சொன்ன விலையில கால்வாசிக்குக் கேளு. ஆனா கேட்டுட்டா வாங்கித்தான் ஆகணும்." இரண்டாவது விதியை மீறியவர்கள் சும்மா திரும்ப முடியாது. விலை கேட்டுவிட்டு நகர்ந்தவர்களைக் கடைக்காரர்கள் துரத்திப் பிடித்த கதைகள் அந்தத் தலைமுறை ஆட்களிடம் ஏராளம். பொட்டலம் கட்டும்போது உள்ளிருக்கும் பொருள் மாறிப்போகும் கதைகளும்தான்.

மூர் மார்க்கெட் பழைய பொருளுக்காகக் கட்டப்பட்டதல்ல. பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை நெரிசலும் அழுக்குமாகிவிட்டது, அதற்கு மாற்றாக நகராட்சி யோசித்ததுதான் இது. 1898இல் அடிக்கல் நாட்டினார்கள், 1900இல் திறந்தார்கள். நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். வரைபடம் ஆர்.ஈ.எல்லிஸ். நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவுகளும் தாழ்வாரங்களும், இந்தோ-சாரசெனிக் பாணியில் செங்கல் கட்டடம். காய்கறி, பூ, மாமிசம் விற்க வந்த இடத்தைச் சுற்றி மெல்ல மெல்லப் பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் கடிகாரமும் கிளியும் புறாவும் வந்து சேர்ந்தன. சந்தைகளின் குணமே அதுதான். யாருக்காகத் திட்டம் போட்டார்களோ அவர்களைவிட, திட்டத்தில் இல்லாதவர்கள்தான் அதற்குப் பெயர் வாங்கித் தருகிறார்கள்.

வீட்டில் களவு போனால் மறுநாள் மூர் மார்க்கெட்டில் தேடு என்று ஒரு கிண்டல் உண்டு. இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு விதி இருந்தது: பகிரங்கச் சந்தையில் நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள், அது திருட்டுப் பொருளாகவே இருந்தாலும், வாங்கியவருக்குச் சொந்தம். 1994இல்தான் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். நம் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. விற்பவருக்கு இல்லாத உரிமை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்குபவருக்கு வராது என்கிறது 27ஆம் பிரிவு. அதாவது அந்த விதி இருந்தவரை லண்டன் திருட்டுக் கடிகாரத்தைவிட மெட்ராஸ் திருட்டுக் கடிகாரம் சட்டப்படி ஆபத்தானதாக இருந்தது. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நான் வாங்கினது திருட்டுக் கடிகாரம் இல்லடா" என்றார்.

அந்தக் கடிகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்கப் படங்களில் வருவதுபோல வீட்டு முற்றத்தில் மேசை போட்டு, பழைய சாமானுக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்பது நம் பக்கம் ஏன் இல்லை? முற்றம் இல்லை என்பது எளிய பதில். எனக்கு அது போதவில்லை. நம்மிடம் அந்த வேலையை வாசலுக்கே வந்து செய்ய ஆள் இருந்தார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கள், பட்டுப்புடவையின் சரிகைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்கள், உடைந்த பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் அளந்தவர்கள். பணம் கை மாறாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நம் பழைய பொருளை விற்கும் சங்கடமும் இல்லை. பொருள் தெருமுனை தாண்டியதும் யாருடையது என்பது அழிந்துவிடும். காயல்பட்டினத்தார் நடத்தியதால் காயலான் கடை என்று பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. அந்தக் கடையின் முக்கியமான சேவையே இந்த மறதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இது இன்னும் கொஞ்சம் வேறு மாதிரி. 1951இலிருந்து அம்பத்தூரில் சைக்கிள் தயாரானது. அறுபதுகளில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. இத்தனை பட்டறைகள் இருக்கும் ஊரில் கழிவு என்பது இன்னொருவரின் கச்சாப்பொருள். லேத்திலிருந்து விழும் சுருளைக்கூட எடை போட்டு வாங்க ஆள் இருப்பார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவில் புது சைக்கிள் வைத்திருந்த பையன்கள் இரண்டே பேர். அந்த சைக்கிள் இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் தயாராகிறது, எங்களுக்கு வருவது மட்டும் செகண்ட் ஹேண்டு.

1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. சென்ட்ரலை விரிவாக்க ரயில்வே அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் என்பதால், தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் அன்றைக்கே எழுந்தது, இன்றுவரை போகவில்லை. வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே வேறு கட்டடம் கொடுத்தார்கள். அங்கே இன்றும் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பழைய கட்டடம் நின்ற இடத்தில் நாங்கள் ரயில் பிடிக்கிறோம். எரிந்த புத்தகங்களுக்குப் பட்டியல் இல்லை. நூலகம் எரிந்தால் என்ன போயிற்று என்று எண்ணிப் பார்க்க அட்டவணையாவது இருக்கும். பழைய புத்தகக் கடைக்கு அட்டவணை கடைக்காரரின் தலைதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு காரியத்தை ஒரு தனி மனிதர் செய்துகொண்டிருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. எடைக்குப் போகவேண்டிய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைக்க முடிவானது. 1994இல் உருவான அந்த நூலகம் தரமணிக்குப் போவதற்கு முன் எங்கே இருந்தது தெரியுமா? முகப்பேரில். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே அது இருந்த வருடங்களில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. இஞ்சினியரிங் நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் நான்கு தடித்த பைண்டிங்குகளைப் பார்த்தேன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்', மணியத்தின் படங்களோடு, வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைத்தது. அந்தக் காலத்து வீடுகளில் இது சாதாரணம். ஐந்து பாகத்தில் முதல் பாகம் மட்டும் இல்லை. இதற்கு என்ன விலை போகும் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது. அவர் கிலோ இருபத்தைந்து என்றார். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். பேரம்கூட பேசவில்லை, பேசினால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். பேரம் பேசாததைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருக்க வேண்டும், டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றை ஆன்லைனில் பதினோராயிரத்துக்கு விற்றேன். வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாசகர், மகிழ்ச்சியில் இரண்டு முறை போன் செய்தார். அவருக்கு நான் செய்தது நல்ல காரியம். எடைக்கல்லிலிருந்து அந்தப் பக்கங்களைக் காப்பாற்றியதும் நல்ல காரியம். இதையெல்லாம் எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அடுத்த மாதம் கடைக்குப் போனபோது அவர் கேட்டார், "அன்னிக்கு எடுத்தீங்களே, நல்லா இருந்துச்சா தம்பி?" நான் சொன்னது: "செல்லரிச்சிருந்துச்சுண்ணே." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அடடா, சொல்லியிருந்தா காசு திருப்பிக் கொடுத்திருப்பேனே" என்றார் அவர்.

பழம்பொருள் வேட்டையில் எல்லாருமே தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்குவதில்தான் லாபம் பார்க்கிறார்கள். மூர் மார்க்கெட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் அங்கே கடைக்காரரும் கில்லாடி. பொட்டலத்தை மாற்றத் தெரிந்தவர். இரண்டு பக்கமும் ஏமாற்றும் சந்தையில் ஒரு விளையாட்டு நியாயம் உண்டு. இன்றைக்கு என் கையில் போன் இருக்கிறது, உலக விலை முழுக்க அதில் தெரிகிறது. அவரிடமும் போன் இருக்கிறது. ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே தேட முடியும்?

இப்போது கடிகாரம். 1983இல் கல்யாணமான புதிதில் அப்பா அம்மாவுக்குச் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார். புதுசு என்று சொல்லித்தான் கொடுத்தார். நம் வீடுகளில் பரிசு என்றால் புதுசு, பழசைக் கொடுத்தால் அது தானம். வாங்கியது மூர் மார்க்கெட்டில். அந்தக் காலத்துக் கடிகார மெக்கானிக்குகள் ரிப்பேர் செய்த தேதியைக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதிவைப்பார்கள். எங்கள் கடிகாரத்திலும் இருந்தது: 1961, 1968, 1974, பக்கத்தில் பெரம்பூர் என்று. வாரம் ஒருமுறை சாவி கொடுத்தது அம்மா. அந்தக் கதவை நாற்பது வருடமாகத் திறந்து மூடியவர். அப்பா இறந்த பிறகுதான் நான் அதைப் பார்த்துவிட்டு, "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "முதல் வாரமே தெரியும்" என்றார். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா அவர் எனக்காக அலைஞ்சது போயிடும்ல" என்றார்.

நான்காவது பைண்டிங்கை நான் விற்கவில்லை. கடைசிப் பக்கங்கள் தண்ணீர் பட்டு ஒட்டிப்போயிருந்தன, விலை போகாது என்பதுதான் உண்மையான காரணம். போன வருடம் அம்மாவின் பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்தேன். அம்மா அட்டையைத் திருப்பினார். உள்பக்கம் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், வில்லிவாக்கம், தேதி. அடியில் சின்ன எழுத்தில், இரவல் கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தது.

"யார் இவங்க?" என்றார் அம்மா.

"தெரியாதும்மா."

"கடைக்காரருக்குத் தெரியுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கடை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. இந்த ஒரு வருடமாக நான் மறுபக்கத் தெருவில் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.