கல்லில் மிஞ்சிய நகை

கிரேக்கப் பொற்கொல்லர்கள் நகையில் உருவம் வைக்கச் சளைத்ததே இல்லை. காப்பின் இரு முனையிலும் சிங்கத்தலை, புயத்தைச் சுற்றிய பாம்பு, காதில் தொங்கும் சிறகுள்ள வெற்றித் தேவதை. இறந்தவர்களோடு புதைத்ததால் அவற்றில் பல தப்பின. 1977இல் வெர்கினா அரச கல்லறையில் கிடைத்த ஓக் இலைப் பொன்முடியில் 313 இலைகள்.

சோழர் நகைக்கு அந்த யோகம் இல்லை. பழையதை உருக்கிப் புதியது செய்வது நம்மூர் வழக்கம். மிச்சத்தைப் படையெடுப்புகள் பார்த்துக்கொண்டன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் குந்தவையும் கொடுத்தவற்றைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எழுதிவைத்திருக்கின்றன. கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, மஞ்சாடிக்கு 2 குன்றி. பொன் நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயர். கணக்கு இருக்கிறது, நகை இல்லை.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர். முதலாம் ராஜேந்திரனின் அரண்மனை நின்ற மாளிகைமேட்டில் தோண்டியபோது கூரை ஓடும் சீனப் பீங்கானும் கண்ணாடி வளையல் துண்டுகளும் வந்தன. கூடவே பொன்முலாம் பூசிய ஒரு செப்புக் காப்பு. பேரரசின் பொன்னில் இங்கே மண் திருப்பித் தந்தது அவ்வளவு சொற்பம்.

ஆகவே சோழர் நகையைப் பார்க்கக் கோயில் சுவருக்குத்தான் போகவேண்டும். சோழச் சிற்பி சிவனின் வலக்காதில் மகரக்குழை மாட்டுவான், இடக்காதில் தோடு. மகரத்துக்கு முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் வால். கட்டைவிரல் அளவு இடத்துக்குள் மூன்று விலங்குகளையும் அடக்கவேண்டும். அரைப்பட்டிகையின் கொக்கி சிம்மமுகம். அதன் வாயிலிருந்து முத்துச்சரம் வழியும். புயத்தில் பாம்பு. இதெல்லாம் சிற்ப இலக்கணம், நிஜ நகை அல்ல என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் முத்துச்சரம் எந்த இடத்தில் வளையும், பட்டை எங்கே இறுக்கும் என்பதை இலக்கண நூலில் படித்து மட்டும் செதுக்கிவிட முடியாது. கண்ணெதிரே யாரோ அணிந்து நின்றிருக்கிறார்கள்.

கல்லுக்கும் ஆபத்து வராமல் இல்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

அக்கோயிலின் வடக்கு வாசலருகே, அடியார் சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பத்தின் முன் எப்போதும் கூட்டம் நிற்கும். அது பூமாலை, பொன் அல்ல. முகத்தை ரசித்து முடித்தபின் சிவனின் காதையும் இடுப்பையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.