138 என்னும் எண்ணில் முன்பு இருந்தவர்

காசோலை பணமின்றித் திரும்பிவிட்டால் வழக்கறிஞர் அறைகளில் முதலில் ஒலிக்கும் எண் 138. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் இந்தப் பிரிவைச் சட்டம் படிக்காத வணிகரும் அறிவர். ஆனால் முன்பு அச்சட்டத்தில் அந்த எண்ணுக்குரியவர் நோட்டரி. அவரை நியமிப்பது பற்றிய 17ஆம் அத்தியாயம் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. காலியாகக் கிடந்த அவ்விடத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் காசோலைக் குற்றத்தைக் குடியேற்றியது.

உண்டியல் சட்டத்தில் நோட்டரிக்கு என்ன வேலை? கடல்கடந்து எழுதப்பட்ட உண்டியலுக்கு ஒருவர் பணம் தர மறுத்தால், அம்மறுப்பை அயல்நாட்டு வணிகரும் நம்பும்படி ஒரு பொதுமனிதர் பதிவுசெய்து முத்திரையிட வேண்டும். ஆங்கிலேய நோட்டரியின் முதன்மைத் தொழில் அதுவே. ஐரோப்பியப் பெருநிலத்தில் நிலைமை வேறு. அங்கு நிலம் கைமாறுவதும் திருமண ஒப்பந்தமும் நோட்டரி எழுதும் பத்திரத்தாலேயே நிறைவேறின. சுருக்கெழுத்தனைக் குறித்த ‘நோத்தாரியுஸ்’ என்ற இலத்தீன் சொல் ஒன்றே. அதன் வழிவந்தோரின் அதிகாரம் ஒன்றன்று.

இந்தியாவுக்கு வாய்த்தது வணிகரின் நோட்டரி. அவரது அதிகாரத்தின் ஊற்றுக்கண் வியப்புக்குரியது. 1533இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் போப்பாண்டவரிடமிருந்த நியமன அதிகாரத்தைக் கேன்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்தது. விடுதலைக்குப் பின்னரும் இந்நாட்டில் முழு அதிகாரத்துடன் நோட்டரியாக இயங்க விரும்பியவர் அப்பேராயரின் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரமோ உண்டியலோடு நின்றுவிட்டது. குடியரசு நாட்டில் ஒரு முத்திரைக்காக அயல்நாட்டுத் திருச்சபையின் ஒப்புதலைப் பெறுவது பொருந்தாது என்ற எண்ணத்தில் பிறந்ததே 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1956 பிப்ரவரி 14 அன்று.

பெருநில மரபு இப்பகுதிக்கு வராமலில்லை. டச்சுச் சொல்லான ‘நொத்தாரிஸ்’ இலங்கைத் தமிழில் ‘நொத்தாரிசு’ என நிலைத்தது. அங்கே 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திடாத காணி உறுதி செல்லாது. போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவிலும் அம்மரபு எஞ்சியது. 2012ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் ‘சிறப்பு நோட்டரி’ என்ற பதவியைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் ‘நொத்தாரிசு எழுதிய உறுதி’ என்று சொன்னால் அது வீட்டின் உரிமைப் பத்திரம். சென்னையில் ‘நோட்டரி போட்ட பேப்பர்’ அப்படிப்பட்டதன்று.

இவ்வேறுபாட்டை அறியாததால் வீடிழந்தவர் பலர். இந்தியாவில் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். நோட்டரி கையொப்பத்துக்குச் சாட்சி கூறலாம், உறுதிமொழி ஏற்பிக்கலாம், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கலாம். உரிமையை மாற்றும் ஆற்றல் அவருக்கில்லை. எனினும் பெருநகரக் குடியிருப்புகளில் முத்திரைத்தாளும் வட்ட முத்திரையுமே கிரயப் பத்திரமாகக் கைமாறி வந்தன. விற்பனை உடன்படிக்கை, பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகியவற்றைக் கொண்டு சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் கட்ட இயலாதவரே இக்குறுக்குவழியில் மிகுதியாகச் சென்றவர் என்பதையும் மறத்தலாகாது. அவர்களை ஏமாளிகள் என்று மட்டும் சொல்லிக் கடப்பது நேர்மையன்று.

இப்போது அம்முத்திரை திரைக்கு வருகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2011இல் சட்டம் இயற்றி, காணொளி வழியே நோட்டரிச் சான்று அளிப்பதை 2012 முதல் அனுமதித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அங்குப் பிற மாநிலங்களும் அவ்வழியில் விரைந்தன. இந்திய நோட்டரிகள் சட்டமோ காணொளியைப் பற்றி ஏதும் கூறவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இயற்றப்பட்டபோதே உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இருப்பினும் ‘வீட்டிலிருந்தே நோட்டரி’ என்னும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பல, தாளை அச்சிட்டு யாரோ ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி அஞ்சலில் அனுப்பும் தரகு வேலையே. கையெழுத்திட்டவரின் முகத்தை அந்த நோட்டரி கண்டாரா என்ற கேள்வி, ஆவணம் நீதிமன்றத்துக்கு வரும் நாளில்தான் எழும்.