எள்ளளவு இழையம்

அடிவயிற்றின் வலப்பக்கத்தில் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிறது. ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமுள்ள சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடல் பீ12 விற்றமினை உறிஞ்சிக்கொள்கிறது. சமிபாட்டுக்கு உதவிய பித்த உப்புகளை மீட்டெடுப்பதும் அங்கேதான். குடல் அழற்சி நோயான குரோன் நோய் அடிக்கடி குடியேறுவது அந்த இடத்தில். காசநோய்க் கிருமி குடலைப் பற்றினாலும் பெரும்பாலும் தங்குவது அதே இடத்தில். அங்கிருந்து கிள்ளியெடுக்கப்படும் எள்ளளவு இழையமொன்று, வந்திருப்பது இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு பயணம் புறப்படுகிறது.

ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படும் நோயாளர் சொல்லும் முறைப்பாடுகள் பல நேரங்களில் ஒரே மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் வயிற்றோட்டம், வலப்பக்க அடிவயிற்றில் நோவு, விட்டுவிட்டுக் காய்ச்சல், உடுப்பெல்லாம் தொளதொளக்கும்படி உடல் மெலிவு. இரண்டு நோய்க்கும் இவை பொது. ஆகவேதான் ‘கமரா விட்டுப் பார்க்க வேண்டும்’ என்ற பேச்சு வருகிறது. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைத் துப்புரவாக்கி வந்தவரின் மலவாசல் வழியாக வளையும் குழாய் உள்ளே போகிறது. பெருங்குடல் முழுவதையும் கடந்து, அது சிறுகுடலோடு சேருமிடத்து வால்வைத் தாண்டி, சிறுகுடலின் முனைக்குள் அது எட்டிப் பார்க்கும்.

குரோன் நோய் இருந்தால் திரையில் புண்கள் தெரியும். ஓரிடம் புண், அடுத்த இடம் நலம், அதற்கப்பால் மீண்டும் புண் என்று விட்டுவிட்டு இருப்பது அதன் இயல்பு. குடலின் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளும் அவற்றுக்கிடையே வீங்கிய மேடுகளும் காணப்படலாம். காசநோய்ப் புண்கள் பெரும்பாலும் குறுக்காக, குடலைச் சுற்றி அமையும். வால்வு சிதைந்து திறந்தபடி கிடக்கும். இவை சாடைகள் மட்டுமே. ஒன்றின் வேடத்தை மற்றது போட வல்லது. எனவே வைத்தியர் குழாயினூடாகச் சிறு இடுக்கியைச் செலுத்துகிறார். அதன் தாடைகள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இழையத்தைக் கவ்வி எடுக்கும். குடலின் உட்சவ்வுக்குக் கிள்ளும் வலி தெரியாது. புண்ணிலிருந்து சில துண்டுகள் எடுத்தபின், நலமாகத் தோன்றும் இடங்களிலிருந்தும் எடுப்பார்கள். விட்டுவிட்டுப் பரவும் நோயை அடையாளம் காண நலமான பகுதியின் சாட்சியும் தேவை.

பயணம் இங்கேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு போர்மலின் குப்பிக்குள் போகும். போர்மலின் இழையம் அழுகாமல் அதன் கட்டமைப்பை நிலைநிறுத்தும். கூடவே கிருமிகளையும் கொன்றுவிடும். காசநோய்க் கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டிய பங்கு அதனால் வெறும் சேலைனில் போட்டுத் தனியாக அனுப்பப்பட வேண்டும். அவசரத்தில் எல்லாத் துண்டுகளையும் போர்மலினில் போட்டுவிட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் கணமே போய்விடும்.

குப்பியோடு ஒரு படிவமும் போகிறது. வயது, எத்தனை மாத வருத்தம், எந்த இடத்து இழையம், என்னென்ன மருந்து எடுக்கிறார், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, நெஞ்சுப் படத்தில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘குடல் இழையம், பரிசோதிக்கவும்’ என்று மட்டும் எழுதிய படிவம், நோயாளரின் கதையில் பாதியை வழியிலேயே தொலைத்துவிடுகிறது.

ஆய்வுகூடத்தில் இழையத்துக்குப் பொறுமையான நாட்கள். போர்மலினில் ஊறியபின் படிப்படியாகச் செறிவு கூடும் அற்ககோல்கள் அதன் நீரை நீக்கும். பிறகு சைலீன், அதன்பின் ஏறத்தாழ அறுபது பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய பரபின் மெழுகு உள்ளே புகும். மெழுகு இறுகினால் இழையம் ஒரு கட்டிக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டியை மூன்று நான்கு மைக்ரோன் தடிப்பில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடித் தட்டில் ஏந்துகிறார்கள். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு அது. நிறமேற்றாவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது. மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கப்படும் ஹீமற்றொக்சிலின் கலங்களின் கருக்களை நீலமாக்கும்; இயோசின் மீதியை இளஞ்சிவப்பாக்கும். காசநோய்க் கிருமியைத் தேட இன்னொரு தட்டுக்குச் சீல்–நீல்சன் சாயம். கிருமி இருந்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் கோடாகத் தெரியும். குடல் இழையத்தில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால், நோய் இருந்தும் தட்டில் ஒன்றும் அகப்படாமல் போவது சாதாரணம்.

குரோன் நோய்க்குப் பெயர் கிடைத்ததும் இழையங்களின் வழியாகத்தான். கிளாஸ்கோவின் அறுவை வைத்தியர் கென்னடி டால்சீல் 1913இல் பதின்மூன்று நோயாளரின் குடல்களைப் பற்றி எழுதினார். காசநோயைப் போலத் தோன்றினாலும் அது வேறு நோய் என்று அவர் கருதினார். 1932இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் மூவரும் பதினான்கு நோயாளரின் விபரத்தை வெளியிட்டனர். சிறுகுடல் முனையின் இந்த அழற்சி, காசநோயிலிருந்து வேறுபட்ட தனி நோய் என்பது அதன் சாரம். பெயர்களை ஆங்கில அகரவரிசையில் இட்டதால் குரோன் முதலில் நின்றார்; நோயும் அவர் பெயரைப் பெற்றது. அவர்கள் ஆராய்ந்தது வெட்டியெடுத்த குடல் முழுவதையும். சுவரின் உட்சவ்வு தொடங்கி வெளிப்படை வரை அழற்சி ஊடுருவியிருந்ததை அவர்களால் நேரே காண முடிந்தது. இடுக்கி கொண்டுவரும் துண்டில் பெரும்பாலும் உட்சவ்வு மட்டுமே உண்டு.

ஆகவே நுணுக்குக்காட்டியின் முன் இருப்பவர் சிறிய சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்புக் கலங்கள் கூடித் திரளும் கிரனுலோமா என்ற முடிச்சை அவர் தேடுகிறார். காசநோயில் அவை பெரிதாக, பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் இழையம் செத்துப் பொடிந்தபடி இருக்கும். குரோனில் சிறிதாக, அரிதாக, நடுப்பகுதி சாகாமல் இருக்கும். ஆனால் குரோன் நோயாளர் பலரின் துண்டுகளில் முடிச்சே அகப்படுவதில்லை.

கண்டியில் இந்தத் தீர்மானம் ஏன் இத்தனை கனமானது? கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, குரோன் நோய் ஒரு இலட்சம் பேருக்கு 1.2 என்று கணக்கிட்டது. காசநோயோ நாடு முழுவதும் ஆண்டுதோறும் எட்டாயிரம் பேரளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறது. காற்றோட்டம் குறைந்த அறைகளில் நெருங்கி வாழ நேர்ந்தவர்களை அது எளிதில் பற்றும். மலையகத்தின் லயங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வைத்தியர் முதலில் காசநோயை நினைப்பது நியாயமே. பிழைத்தால் இரு பக்கமும் சேதம். காசநோயைக் குரோன் என்று கருதி எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் ஸ்டிரொயிட் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவலாம். குரோனைக் காசநோய் என்று கருதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால், அந்தக் காலத்தில் குடல் தழும்பேறிச் சுருங்கும். உணவு அடைபட்டு வயிறு ஊதி வாந்தி வரும். சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் அழற்சி பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ பாதை திறந்துவிடும். பீ12 குறைந்து இரத்தசோகை வரும். சிறுவர்களில் வளர்ச்சியே தடைப்படும்.

சேலைனில் போன பங்கு இதற்குள் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை இரண்டு மணித்தியாலத்தில் கிருமியின் மரபணுவைத் தேடிச் சொல்லும். வளர்ப்புச் சோதனை எட்டு வாரம் வரை எடுக்கும். எல்லாம் வந்தபின்னும் ஐயம் நீங்காவிட்டால், காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து மீண்டும் கமரா விட்டுப் பார்ப்பதுண்டு. புண்கள் ஆறியிருந்தால் காசநோயே. மருந்தை முழுக்காலமும் தொடர வேண்டும். ஆறாவிட்டால் குரோன் என்ற எண்ணம் வலுக்கும். அப்போது பழைய மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்து மறுபடி பார்க்கவும் முடியும்.

குரோன் என்று உறுதியானால் பிரெட்னிசொலோன், அசதயோபிரின் என்று சிகிச்சை தொடங்கும். தேவைப்பட்டால், 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு முதன்முதலில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசியும் உண்டு. அந்த ஊசி உடலுக்குள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. எனவே அதைத் தொடங்குமுன்னும் காசநோய் இல்லையென்று தேடிப் பார்த்தே ஆக வேண்டும். இவ்வளவு தூரம் வந்தும் அந்தக் கேள்வி நோயாளரை விடுவதில்லை.

இந்தப் பயணத்தில் இழையம் தானாக உண்மை சொல்வதில்லை என்பதுதான் நான் வற்புறுத்த விரும்புவது. குழாயில் கண்டது, குப்பியில் இட்டது, படிவத்தில் எழுதியது, நோயாளர் வாய்திறந்து சொன்னது ஆகிய நான்கும் சேரும்போதுதான் அது பேசுகிறது. அவற்றில் கடைசி நம் கையில் இருக்கிறது. வீட்டில் பாட்டனாருக்கு எப்போதோ காசநோய் வந்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். புகைப்பிடிப்பவரானால் சொல்லுங்கள், நிறுத்துங்கள். குரோன் நோயை அது மோசமாக்கும். கிளினிக் கொப்பியையும் பழைய அறிக்கைகளையும் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். வருத்தம் குறைந்துவிட்டதென்று கிளினிக்கை நிறுத்தாதீர்கள். அரச வைத்தியசாலை இலவசமாகத் தரும் இந்த நீண்ட உழைப்பின் பயன், அந்தப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதப்படுவதிலும் தங்கியிருக்கிறது.