பிரேக் இல்லாத பலகையும் வீட்டில் செய்த கையுறையும்

சைக்கிளுக்கு பிரேக் உண்டு, லாரிக்கு உண்டு. ஸ்கேட்போர்டுக்குக் கிடையாது! சமதளத்தில் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். மலைச்சாலையில் மோட்டார் பைக் வேகத்தில் இறங்கும்போது காலை ஊன்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960களில் இந்தப் பிரச்சனை அவ்வளவாக எழவில்லை. அன்றைய சக்கரங்கள் இரும்பிலோ களிமண் கலவையிலோ செய்தவை. ஒரு சின்னக் கல் பட்டாலே பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் பறப்பார். 1970ல் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர், வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலையில் ரோலர் ஸ்கேட்டுக்காகத் தயாரான யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். சில வருடங்களில் கலிபோர்னியாவில் 'காடிலாக் வீல்ஸ்' என்ற பெயரில் அவற்றை ஸ்கேட்போர்டுக்கு விற்க ஆரம்பித்தார். சாலையை நன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடும் சக்கரம் கிடைத்துவிட்டது. வேகமும் வந்துவிட்டது, நிறுத்தும் வழிதான் வரவில்லை.

கலிபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் 1975ல் தொடங்கிய வேகப் போட்டி, மோசமான விபத்துகளுக்குப் பிறகு 1978உடன் முடிந்துபோனது.

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் பெர்க்லியின் கிளிஃப் கோல்மன். குந்தி உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்ப வேண்டும். சக்கரங்கள் உருளாமல் சறுக்கும், வேகம் குறையும். இன்றும் அதன் பெயர் 'கோல்மன் ஸ்லைடு'தான்.

ஆனால் ஓடும் தார்ச்சாலையில் வெறும் கையை வைப்பதும் உப்புத்தாளில் தேய்ப்பதும் ஒன்றுதான். தோல் கையுறையும் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண வேலைக் கையுறையை வாங்கி, உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லையைப் பொருத்தினார்கள். கேரம் ஸ்ட்ரைக்கரைவிடப் பெரிய வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது? சமையலறையிலிருந்து! காய் நறுக்கும் பாலிஎத்திலீன் பலகையை வட்டமாக அறுத்தால் போதும். அது சீக்கிரம் தேயும், சூட்டில் இளகும். அதைவிடக் கெட்டியானது, டுபான்ட் நிறுவனம் 1967ல் கண்டுபிடித்த கோரியன் என்ற மேடைப் பலகை. சிங்க் பொருத்துவதற்காக வெட்டி எடுத்த துண்டுகள் பட்டறைகளில் சும்மா கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஒட்டுவதுதான் பெரிய தலைவலி. உராய்வுச் சூட்டில் பசை இளகி, நடு வளைவில் வில்லை கழன்று ஓடினால் அவ்வளவுதான். ஆணி, திருகு பக்கமே போகக்கூடாது. வில்லை தேயத் தேய அது வெளியே வந்து சாலையில் மாட்டும். கடைசியில் நிலைத்தது வெல்க்ரோ. பசையைவிட நம்பகமானது, தேய்ந்த வில்லையைப் பிய்த்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொள்ளலாம். ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுவதும் அவசியம், இல்லாவிட்டால் சாலை விரிசலில் சிக்கும்.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இது வேடிக்கையான கதை. தேவை இருந்தது, ஆனால் ஒரு கம்பெனி முதலீடு போடும் அளவுக்கு வாடிக்கையாளர் இல்லை. அதனால் வாங்க வேண்டியவர்களே தயாரிப்பாளர்கள் ஆனார்கள். 2000களில் லாங்போர்டு மோகம் பரவிய பிறகு கம்பெனிகள் கையுறைகளை வரிசையாக விற்கத் தொடங்கின. அவர்கள் விற்றதும் அதே வில்லை, அதே வெல்க்ரோதான்! கடையில் கையுறை வாங்கியவர்களும், கூடவே வந்த வில்லை தேய்ந்ததும், மறுபடி ஒரு பழைய காய் நறுக்கும் பலகையைத் தேடிப் போனார்கள்.